எட்டாம் நூற்றாண்டுத் திருத்தந்தை ஒருவரின் வரலாற்றை எழுதும் முறை: முதலாம் ஹேட்ரியனை முன்வைத்து

இடைக்காலத்தின் தொடக்க நூற்றாண்டுகளில் உரோமையில் ஆட்சி செய்த திருத்தந்தை ஒருவரின் வரலாற்றைத் தமிழில் எழுத முற்படுபவர் பெரும்பாலும் ஒரு கலைக்களஞ்சியக் கட்டுரையை எடுத்துக்கொண்டு, அதிலுள்ள ஆண்டுகளையும் பெயர்களையும் அதே வரிசையில் தமிழாக்கி முடித்துவிடுகிறார். அவ்வாறு எழுதியதில் பிழை குறைவாக இருக்கலாம். ஆனால் எந்தச் செய்தியை யார் சொன்னார், எதற்காகச் சொன்னார், எந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டார் என்பது அதில் தெரியாது. இந்தக் காலகட்டத்தைப் பொறுத்தவரை அந்த மௌனம்தான் முக்கியமானது. 772 முதல் 795 வரை பதவியிலிருந்த முதலாம் ஹேட்ரியனின் அதிகாரப்பூர்வ வரலாறு, அவருடைய ஆட்சியின் முதல் இரண்டு ஆண்டுகளை விரிவாகக் கதை சொல்லிவிட்டு, அடுத்த இருபத்தோரு ஆண்டுகளுக்குக் கட்டடக் கணக்கையும் காணிக்கைக் கணக்கையும் மட்டுமே நீட்டுகிறது. அந்த இடைவெளியை எதைக்கொண்டு, எந்த அளவுக்கு நிரப்பலாம் என்று காட்டுவதே இந்த வழிகாட்டியின் நோக்கம்.

ஹேட்ரியனை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. அவர் காலத்திய உரோமைக்கு, திருத்தந்தையின் இல்லமும் அலுவலகமுமான லாத்தரன் மாளிகை எழுதிய வரலாறு, அவரே அனுப்பிய கடிதங்கள், கல்லறைக் கல்வெட்டு, நாணயங்கள், சாசனங்கள், அகழாய்வில் வெளிப்பட்ட பண்ணைக் கட்டடங்கள் என்று பலவகைச் சான்றுகள் எஞ்சியுள்ளன. அவருக்கு முன்னிருந்த பலருக்கு இவற்றில் ஒன்றோ இரண்டோதான் உண்டு. ஆகவே இவரிடம் முறையைப் பழகிக்கொண்டால், சான்று குறைந்த மற்றவர்களிடம் எவ்வளவு சொல்லலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பது கைவரும்.

முதல் வேலை: நாட்களை நிலைநிறுத்துதல்

குடும்பம், கல்வி, குணநலன் என்று தொடங்குவதற்கு முன் ஆட்சியின் தொடக்க நாளையும் முடிவு நாளையும் நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். ஹேட்ரியன் தேர்ந்தெடுக்கப்பட்டது 772 பிப்ரவரி 1; ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டுப் பதவியேற்றது பிப்ரவரி 9. இவ்விரண்டில் எதை ஆட்சியின் தொடக்கமாகக் கொள்வது என்ற கேள்விக்கு அவருடைய கல்லறைக் கல்வெட்டே விடை தருகிறது. அவர் 23 ஆண்டு, 10 மாதம், 17 நாள் அமர்ந்திருந்தார் என்றும், ஜனவரி கலெண்டுக்கு (மாதத்தின் முதல் நாளுக்கு) முந்தைய ஏழாம் நாளில் இறந்தார் என்றும் அது கூறுகிறது. உரோமையர் இரு முனை நாட்களையும் சேர்த்துப் பின்னோக்கி எண்ணுவதால் ஜனவரி 1-ஐ ஒன்றாகக் கொண்டு எண்ண, ஏழாம் நாள் டிசம்பர் 26 ஆகிறது. 772 பிப்ரவரி 9-லிருந்து 23 ஆண்டுகள் கூட்டினால் 795 பிப்ரவரி 9. பத்து மாதம் கூட்டினால் டிசம்பர் 9. பதினேழு நாள் கூட்டினால் சரியாக டிசம்பர் 26. கணக்கு பொருந்துகிறது, ஆகவே கல்வெட்டை அமைத்தவர் தேர்தலிலிருந்து அல்ல, திருநிலைப்பாட்டிலிருந்தே எண்ணினார் என்பது உறுதி. இன்றைய பட்டியல்கள் பலவற்றில் இறந்த நாள் டிசம்பர் 25 என்றிருப்பதைக் காணலாம். உங்கள் கட்டுரையில் இரண்டையும் குறிப்பிட்டு, 26 என்பது கல்வெட்டின் வாக்கு என்று சொல்லிவிடுவதே நேர்மை.

இன்னொரு சோதனையும் கைவசம் இருக்கட்டும். உரோமை ஆயரின் திருநிலைப்பாடு ஞாயிற்றுக்கிழமையில் நடப்பது வழக்கம். பிராங்கிய மன்னர் சார்லமேன் பேரரசராக முடிசூடிய 800 டிசம்பர் 25 வெள்ளிக்கிழமை என்பதை ஆதாரமாக வைத்துக்கொண்டு, ஜூலியன் நாட்காட்டியின்படி நான்கு ஆண்டுக்கு ஒரு நாளைக் கூட்டிப் பின்னோக்கி எண்ணினால், 772 பிப்ரவரி 9 ஞாயிறாகவே வருகிறது. ஹேட்ரியனுக்குப் பின் வந்த மூன்றாம் லியோ பதவியேற்ற 795 டிசம்பர் 27-உம் ஞாயிறே. நூல்களில் காணும் ஒரு தேதி ஞாயிறாக வராவிட்டால் அதைத் தவறென்று உடனே தள்ளவேண்டாம்; ஆனால் அது தேர்தல் நாளா, திருநிலைப்பாட்டு நாளா, வெறும் அச்சுப்பிழையா என்று பார்த்த பின்னரே எழுதுங்கள்.

மூன்றாவது கருவி இண்டிக்ஷன். இது ஆவணங்களில் ஆண்டைக் குறிக்கப் பயன்பட்ட 15 ஆண்டுச் சுழற்சி. செப்டம்பர் 1-இல் தொடங்கும். ஓர் ஆண்டின் எண்ணோடு 3 கூட்டிப் பதினைந்தால் வகுத்தால் மீதி வருவதே அதன் இண்டிக்ஷன், மீதி இல்லையென்றால் பதினைந்து; செப்டம்பர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களை அடுத்த ஆண்டோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும். ஹேட்ரியன் காலத்தில் டைபர் ஆறு பெருக்கெடுத்து, பிளமீனிய வாயிலைப் பெயர்த்துத் தள்ளி, வியா லாத்தா பகுதியை மூழ்கடித்தது. வீடுகளை விட்டு வெளியேற முடியாதவர்களுக்குத் திருத்தந்தை படகுகளில் உணவு அனுப்பினார். இது பதினைந்தாம் இண்டிக்ஷனின் டிசம்பரில் நடந்தது. கணக்கிட்டால் 791 டிசம்பர் என்று வருகிறது. ஆனால் 776 டிசம்பரும் பதினைந்தாம் இண்டிக்ஷன்தான். பதினைந்து ஆண்டுச் சுழற்சியில் ஏறத்தாழ இருபத்துநான்கு ஆண்டுகள் ஆண்டவருக்கு ஒரே எண் இருமுறை வரும் என்பதை மறந்தவர்கள் இந்த இடத்தில் வழுக்குவார்கள். வெள்ளச் செய்தி அவரது வரலாற்றின் கடைசிப் பகுதியில் இடம்பெற்றிருப்பதால்தான் 791 ஏற்கப்படுகிறது. எண்ணை மட்டும் பார்க்காமல், அது எந்த இடத்தில் நிற்கிறது என்பதையும் பாருங்கள்.

லாத்தரன் எழுதிய வரலாறு

இந்தக் காலத் திருத்தந்தையருக்கு அடிப்படைச் சான்று லீபர் பொந்திபிகாலிஸ் எனப்படும் திருத்தந்தையர் வரலாற்றுத் தொகுப்பு. எட்டாம் நூற்றாண்டில் இது லாத்தரன் மாளிகை அலுவலர்களால், பெரும்பாலும் அந்தந்தத் திருத்தந்தை உயிரோடு இருக்கும்போதே எழுதப்பட்டது. எழுதியவர்களின் பெயர் தெரியாது. ஆனால் அவர்களின் மேசையில் பொருட்காப்பகத்தின் கணக்குப் பதிவுகள் இருந்தன என்பது ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது. இலத்தீன் தெரியாதவர் மொழிபெயர்ப்பில் படிக்கலாம். அப்போதும் எண்களையும் இடப்பெயர்களையும் மட்டுமாவது மூலத்தோடு ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும்.

ஹேட்ரியனின் வரலாற்றில் முதல் நாற்பத்து நான்கு பிரிவுகள் ஒரு தொடர்கதை போல ஓடுகின்றன. உரோமையின் பிரபுக் குடும்பத்தில் பிறந்து, தந்தை தெயோதோருசைச் சிறுவயதிலேயே இழந்து, முன்பு கான்சலாகவும் தூக்ஸாகவும் (படைத்தலைமையும் ஆளுமையும் உடைய பிரபுவாகவும்) இருந்து பின்னர்த் திருச்சபையின் தலைமை நோட்டரி (ஆவண எழுத்தர்) ஆன சிற்றப்பா தெயோதோத்துசிடம் வளர்ந்தவர். முதலாம் பவுலின் கீழ் நோட்டரியும் துணைத்தியாக்கோனும் ஆகி, மூன்றாம் ஸ்தேவானின் கீழ்த் தியாக்கோன் ஆனவர். ஸ்தேவான் இறந்ததும் தேர்ந்தெடுக்கப்பட்டவர். இவ்வளவே இளமைக்காலச் செய்தி. இதை ஒரு பத்தியில் முடித்துக்கொண்டு மேலே செல்லுங்கள். அவர் பிறந்த ஆண்டைக் கூட இந்நூல் தருவதில்லை, ஆதலால் நீங்களும் ஊகித்துத் தர வேண்டாம்.

கதையின் நடுப்பகுதியில் கவனம் தேவை. மூன்றாம் ஸ்தேவானின் கடைசி நாட்களில் லொம்பார்டிய மன்னர் தெசிதேரியுசுக்குச் சார்பாக உரோமையில் அதிகாரம் செலுத்தியவர் மாளிகை அலுவலர் பவுல் அபியார்த்தா. ஹேட்ரியன் பதவியேற்றதும் அவரைத் தெசிதேரியுசிடம் தூது அனுப்பிவிட்டு, அவர் ஊரில் இல்லாதபோது, செர்ஜியுஸ் என்ற உயர் அலுவலரின் கொலை பற்றிய விசாரணையைத் தொடங்கினார். விசாரணையின் முடிவில் பழி அபியார்த்தா மீது விழுந்தது; இராவென்னாப் பேராயர் லியோ அவரைப் பிடித்து வைத்து, திருத்தந்தை உயிரோடு காக்கச் சொல்லியிருந்தும், கொல்லச் செய்தார். வரலாற்றை எழுதியவர் ஹேட்ரியனின் கை சுத்தம் என்பதை வற்புறுத்துவதற்காக எவ்வளவு இடம் ஒதுக்குகிறார் என்பதைக் கவனியுங்கள். அந்த வற்புறுத்தல் இருந்ததாலேயே ஹேட்ரியன் குற்றவாளி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஆனால் அந்நாளில் உரோமையில் அவர்மேல் ஐயம் கொண்டவர்கள் இருந்தார்கள், அவர்களுக்கு விடை சொல்ல வேண்டியிருந்தது என்பதை நீங்கள் எழுதலாம். இத்தகைய நூல்களில் மறுப்பு எங்கே நீளுகிறதோ, அங்கே ஒரு குற்றச்சாட்டு முன்பே ஊரில் உலவியிருக்கும்.

பின்னர்த் தெசிதேரியுஸ் பாயென்சா, பெராரா, கொமாக்கியோ ஆகிய ஊர்களைக் கைப்பற்றினார். சார்லமேனின் இறந்துபோன தம்பியான பிராங்கிய அரசர் கார்லோமனின் பிள்ளைகளை அரசர்களாகத் திருப்பொழிவு செய்யும்படி ஹேட்ரியனை நெருக்கினார். விட்டெர்போ வரை படையோடு வந்து, மூன்று ஆயர்கள் கொண்டுவந்த சாபத் தீர்ப்பைக் கேட்டுத் திரும்பினார். உதவி கேட்டுப் போன தூதர் தரைவழி அடைபட்டிருந்ததால் கடல்வழியே பிராங்கிய நாட்டுக்குச் சென்றார். 773-இல் சார்லமேன் ஆல்ப்ஸ் மலையைக் கடந்து லொம்பார்டியத் தலைநகர் பாவியாவை முற்றுகையிட்டார். 774 ஜூனில் அது வீழ்ந்தது. நிகழ்ச்சிகளின் எலும்புக்கூடு இதுதான். இதை எல்லாக் கலைக்களஞ்சியங்களும் தருகின்றன.

அவை விட்டுவிடுவது வரவேற்பு முறையை. 774 உயிர்ப்பு விழாவுக்கு, முற்றுகை நடந்துகொண்டிருக்கும்போதே சார்லமேன் உரோமைக்கு வந்தார். ஏப்ரல் 2, பெரிய சனிக்கிழமை. நகரிலிருந்து முப்பது மைல் தொலைவில் அதிகாரிகள் கொடியோடு எதிர்கொண்டனர். ஒரு மைல் தொலைவில் படைப்பிரிவுகளும் குருத்தோலையும் ஒலிவக் கிளையும் ஏந்திய சிறுவர்களும் நின்றனர். எக்சார்க்கையோ பத்ரீசியசையோ வரவேற்பது போல, சிலுவைகளும் எடுத்து வரப்பட்டன என்கிறது வரலாறு. மன்னர் குதிரையை விட்டிறங்கி நடந்து, புனித பேதுரு பேராலயத்தின் படிகளை ஒவ்வொன்றாக முத்தமிட்டு ஏறினார். ஹேட்ரியன் மேலே காத்திருந்தார். நகருக்குள் நுழைய மன்னர் அனுமதி கேட்டார். பேதுருவின் கல்லறை முன் இருவரும் ஒருவருக்கொருவர் உறுதிமொழி தந்தனர். இந்தச் சடங்கு வெறும் அலங்காரம் அன்று. இராவென்னாவிலிருந்து கீழைப் பேரரசரின் சார்பில் வரும் ஆளுநருக்கு உரிய வரவேற்பைத்தான் லாத்தரன் எழுத்தர் சார்லமேனுக்கு அளிக்கிறார். அரசராக அல்ல, நகரின் எஜமானராகவும் அல்ல. முத்தமிட்டு ஏறிவருபவரை மேலே நின்று காத்திருப்பவர் யார் என்பதும் எழுத்தரின் கண்ணோட்டத்தைச் சொல்கிறது. உங்கள் கட்டுரையில் இந்தக் காட்சிக்கு ஒரு முழுப் பத்தி கொடுங்கள். பாவியா முற்றுகைக்கு இரண்டு வாக்கியம் போதும்.

ஏப்ரல் 6, புதன்கிழமையன்று நடந்ததாகச் சொல்லப்படும் நன்கொடைதான் மிகச் சிக்கலான இடம். தந்தை பெப்பின் 754-இல் கியெர்சியில் தந்த வாக்குறுதியை மன்னர் வாசிக்கச் செய்து, தம் குருவும் நோட்டரியுமான இத்தேரியுசைக்கொண்டு அதேபோல் இன்னொன்றை எழுதச் செய்தார். லூனியிலிருந்து கொர்சிகா, பார்மா, ரெஜ்ஜோ, மாந்துவா, மொன்செலிசே வழியாக ஓடும் ஓர் எல்லைக்கோடும், இராவென்னா எக்சார்க்கேட்டும், வெனேத்சியாவும் இஸ்த்ரியாவும், ஸ்பொலேத்தோவும் பெனவெந்தோவும் பேதுருவுக்கு உரியவை என்றாயின. ஆவணத்தின் மூலம் எஞ்சவில்லை. இதை அப்படியே உண்மை என்றும் எழுதாதீர்கள், பொய் என்றும் தள்ளாதீர்கள். வாக்குறுதி ஒன்று தரப்பட்டது, அதன் எல்லையை லாத்தரன் இவ்வாறு பதிவு செய்தது, அதில் பெரும்பகுதி ஹேட்ரியனின் கைக்கு வரவேயில்லை என்று மூன்றையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். ஸ்பொலேத்தோ நல்ல எடுத்துக்காட்டு. அங்குள்ளோர் உரோமைக்கு வந்து, உரோமை முறைப்படி முடிவெட்டிக்கொண்டு ஹேட்ரியனுக்கு விசுவாச உறுதி அளித்தார்கள் என்று வரலாறு பெருமையோடு கூறுகிறது. அடுத்த ஆண்டே ஹேட்ரியன் எழுதிய கடிதங்களில் அவ்வூர்த் தூக்ஸ் ஹில்தெபிராந்து சதி செய்வதாக முறையீடு கேட்கிறது. 776-இல் அப்பகுதியின் பார்பா மடத்துச் சாசனங்கள் சார்லமேனின் ஆட்சியாண்டை இட்டு எழுதப்படுகின்றன. மூன்று சான்றுகளையும் அடுத்தடுத்து வைத்தால் மட்டுமே நடந்தது என்ன என்பது துலங்கும்.

கணக்குப் பட்டியலைத் தாண்டிப் போகாதீர்கள்

774-க்குப் பிறகு வரும் நீண்ட பட்டியல், படிப்பவர் பொறுமையைச் சோதிப்பதுதான். பட்டுத் திரைகள், வெள்ளி விளக்குகள், கூரை உத்திரங்கள் என்று பக்கம் பக்கமாக வருகிறது. ஆயினும் ஹேட்ரியனின் அன்றாட ஆட்சி இங்கேதான் இருக்கிறது. நகர மதில்களைச் செப்பனிடுவதற்கு ஏறக்குறைய நூறு பவுண்டு பொன் செலவானது. பாழடைந்திருந்த நீர்க்கால்வாய்கள் நான்கு மீண்டும் ஓடத் தொடங்கின. அவற்றில் வீர்கோ, கிளௌதியா ஆகியன அடங்கும். பேதுரு பேராலயத்துக்குச் செல்லும் ஆற்றோர மண்டபப் பாதைக்குப் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட எரிமலைக்கல் கட்டிகள் இடப்பட்டன. அப்பேராலயத்தில் ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்ட திரிகள் கொண்ட சிலுவை வடிவ விளக்கு தொங்கவிடப்பட்டு, ஆண்டில் சில பெருவிழாக்களில் மட்டும் ஏற்றப்பட்டது.

இத்தனைக்கும் பணமும் ஆளும் எங்கிருந்து வந்தன என்று கேளுங்கள். தொமுஸ்குல்த்தா எனப்படும் திருச்சபைப் பண்ணைகள் பதிலின் ஒரு பகுதி. வெயி நகருக்கு அருகே, தம் குடும்பச் சொத்தாகக் கிடைத்த நிலத்தையும் சுற்றிலும் வாங்கியவற்றையும் சேர்த்து ஹேட்ரியன் கப்ராகோரும் பண்ணையை அமைத்தார். அங்கு விளைந்த கோதுமை, வாற்கோதுமை, திராட்சை இரசம், காய்கறி ஆகியவையும், ஆண்டுதோறும் வெட்டப்படும் நூறு பன்றிகளும் லாத்தரன் களஞ்சியத்துக்கு வந்தன. நாள்தோறும் நூறு ஏழைகளுக்கு மாளிகை முன்மண்டபத்தில் அப்பமும் திராட்சை இரசமும் குழம்பும் தரப்பட்டன. இந்தப் பண்ணையின் கோவில் நின்ற இடத்தைச் சாந்தா கொர்னேலியாவில் உரோமையிலுள்ள பிரித்தானிய ஆய்வுப் பள்ளி 1960-களில் அகழ்ந்தது. எழுத்தில் உள்ளதை மண்ணோடு ஒப்பிட வாய்ப்பளிக்கும் இடம் இந்த நூற்றாண்டில் அரிது. ஆகவே அதைத் தவறவிடக் கூடாது. ஏழைகளுக்கு உணவளித்ததை மட்டும் பிரித்தெடுத்து இரக்கமுள்ளவர் என்று முடிப்பது பாதி உண்மையாகும். நகர்ப்புறப் பிரபுக்களின் கையில் போகக்கூடிய நிலத்தையும் உழைப்பாளரையும் திருத்தந்தை தம் நேரடிப் பிடிக்குள் கொண்டுவந்தார் என்பது மற்றப் பாதி.

கடிதங்களில் மறுமுனையைக் கேட்டல்

ஹேட்ரியனின் ஆட்சியின் நடுப்பகுதிக்குச் சிறந்த சான்று கோடெக்ஸ் கரோலினுஸ். மூன்றாம் கிரகோரி முதல் ஹேட்ரியன் வரையிலான திருத்தந்தையர் பிராங்கிய ஆட்சியாளர்களுக்கு அனுப்பிய கடிதங்கள் பாப்பிரஸில் எழுதப்பட்டுச் சிதைந்துகொண்டிருந்ததால், 791-இல் சார்லமேன் அவற்றை நகலெடுக்கச் செய்தார். மொத்தம் 99 கடிதங்கள். அவற்றில் ஏறத்தாழப் பாதி ஹேட்ரியனுடையவை. இன்று எஞ்சியிருப்பது வியன்னாவிலுள்ள ஒரே ஒரு கையெழுத்துப்படி.

இதைப் பயன்படுத்தும்போது மூன்று எச்சரிக்கைகள். நகலெடுத்தவர்கள் பெரும்பாலான கடிதங்களின் தேதியை விட்டுவிட்டார்கள். ஆகவே அச்சில் காணும் ஆண்டுகள் பதிப்பாசிரியர்கள் கணித்தவை. தேர்ந்து சேர்த்தது பிராங்கிய அரசவை. 791-க்குப் பிந்தையவை அதில் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, சார்லமேன் எழுதிய பதில்கள் இத்தொகுப்பில் கிடையாது. தொலைபேசியில் ஒருவர் பேசுவதை மட்டும் கேட்டு, மறுமுனையில் என்ன சொல்லப்பட்டது என்று ஊகிப்பது போன்ற வேலை இது.

ஊகிக்கும் விதத்தை ஒரு கடிதத்தில் பார்ப்போம். உரோமையர் சரசேனியருக்கு (முஸ்லிம்களுக்கு) அடிமைகளை விற்றதாகச் சார்லமேனுக்குச் செய்தி போயிருந்தது. ஹேட்ரியன் எழுதிய விடையில், தம்மவர் அப்படிச் செய்யவில்லை, கிரேக்கர் கடற்கரையோரமாக வந்து லொம்பார்டியரிடம் வாங்கிச் சென்றனர், பஞ்சத்தால் சிலர் தாங்களாகவே கப்பலேறினர், சென்தும்செல்லே துறைமுகத்தில் கிரேக்கக் கப்பல்களைப் பிடித்து எரிக்கச் செய்தோம் என்கிறார். இதிலிருந்து குற்றச்சாட்டை அப்படியே மீட்டெடுக்கலாம். அதோடு வேறு சிலவும் கிடைக்கின்றன: கரையோரத்தில் அடிமை வணிகம் நடந்தது, பஞ்சம் இருந்தது, திருத்தந்தையிடம் துறைமுகத்தில் கப்பலை எரிக்குமளவு வலிமை இருந்தது, கடலில் அதைத் துரத்துமளவு இல்லை. உரோமையர் குற்றமற்றவர் என்பதை மட்டும் இக்கடிதத்தை வைத்து எழுத முடியாது.

இன்னொன்று இங்கிலாந்திலிருந்த மெர்சியா அரசின் மன்னர் ஒபாவைப் பற்றியது. ஹேட்ரியனை நீக்கிவிட்டுப் பிராங்கியர் ஒருவரைத் திருத்தந்தையாக அமர்த்தும்படி ஒபா சார்லமேனுக்கு யோசனை கூறியதாக ஒரு வதந்தி. தாம் அதை நம்பவில்லை என்று ஹேட்ரியன் எழுதுகிறார். நம்பாத ஒன்றுக்கு இவ்வளவு நீளமான கடிதம் எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது. 774-இல் படிகளை முத்தமிட்டு ஏறியவரிடம் தம் பதவி சிக்கியிருக்கிறது என்ற உணர்வு இதில் வெளிப்படுகிறது. 778-இல் சார்லமேனைப் புதிய கொன்ஸ்தந்தீன் என்று புகழ்ந்து நிலங்களைத் திருப்பிக் கேட்கும் கடிதத்தையும், இராவென்னா மாளிகையின் பளிங்கையும் மொசைக்கையும் எடுத்துச் செல்ல மன்னருக்கு இசைவு தரும் கடிதத்தையும் இதன் அருகில் வைத்துப் படியுங்கள். கேட்பதும் கொடுப்பதும் எந்த விகிதத்தில் இருந்தன என்பது புரியும்.

சாசனமும் நாணயமும்

ஆட்சியாண்டு எப்படிக் குறிக்கப்படுகிறது என்பதை வாசகர் பொதுவாகக் கவனிப்பதில்லை. எழுதுபவர் கவனித்தாக வேண்டும். உரோமையின் ஆவணங்கள் கீழைப் பேரரசரின் ஆண்டை இட்டே எழுதப்பட்டு வந்தன. 781-இல் ஹேட்ரியன் வழங்கிய ஆவணத்தில் பேரரசரின் பெயர் இல்லை. நம் ஆண்டவர் இயேசு கிறிஸ்து ஆட்சி செய்யும் காலத்தில் என்று தொடங்கி, திருத்தந்தையின் ஆண்டு தரப்படுகிறது. அவர் வெளியிட்ட வெள்ளி நாணயத்திலும் அவருடைய பெயரும் உருவமுமே உள்ளன. இவற்றைக் கொண்டு அவர் அந்த ஆண்டில் பேரரசிலிருந்து விடுதலை அறிவித்தார் என்று எழுதிவிடாதீர்கள்; அப்படி அறிவித்த ஓர் ஆவணமும் இல்லை. 781-இல் சார்லமேன் மறுபடி உரோமைக்கு வந்து, தம் மகன்கள் பெப்பினையும் லூயியையும் ஹேட்ரியனைக்கொண்டு அரசர்களாகத் திருப்பொழிவு செய்யச் செய்தார் என்பதை அருகில் வைத்துக் காட்டினால் போதும், வாசகரே இணைத்துக்கொள்வார்.

கோட்பாட்டுச் சண்டைகளை எவ்வளவு எழுதுவது

சமயப் பொருள்களில் இக்காலத்தின் பெரிய நிகழ்ச்சி 787-இல் நடந்த இரண்டாம் நிசேயா பொதுச்சங்கம். ஹேட்ரியன் இரண்டு தூதர்களை அனுப்பினார்; இருவர் பெயரும் பேதுரு என்பதால் ஒருவரைத் தலைமைக் குரு என்றும் மற்றவரைப் புனித சபா மடத்துத் தலைவர் என்றும் பிரித்துக் காட்டுங்கள். திருவுருவங்களுக்கு வணக்கம் செலுத்தலாம் என்று சங்கம் முடிவு செய்தது. அதன் செயற்குறிப்புகள் உரோமையில் மோசமான இலத்தீனில் பெயர்க்கப்பட்டுப் பிராங்கிய அரசவைக்குப் போனதால், கடவுளுக்குரிய ஆராதனையையே உருவங்களுக்குச் செய்யச் சொன்னதாக அங்கே பொருள்கொள்ளப்பட்டது. அரசவை அறிஞர் தெயோதுல்ப் நீண்ட மறுப்பு ஒன்றை எழுதினார். ஹேட்ரியன் சங்கத்தின் பக்கமே நின்று விடையளித்தார். 794-இல் பிராங்பர்ட் சங்கம் உருவ ஆராதனையைக் கண்டித்தது. எழுதும்போது பலர் இதை மொழிபெயர்ப்புப் பிழையால் விளைந்த குழப்பம் என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதுமானதாகப் படவில்லை. பிராங்கியரைக் கேளாமலே கிழக்கில் ஒரு பொதுச்சங்கம் கூடியதும், அதற்கு உரோமை ஒப்புதல் தந்ததும் சார்லமேனுக்குக் கசந்தன. பிழையான பெயர்ப்பு அந்தக் கசப்புக்கு வாய்ப்பளித்தது. ஹேட்ரியன் மன்னரோடு முறித்துக்கொள்ளாமலும், தாம் ஒப்பிய சங்கத்தைக் கைவிடாமலும் நின்றது அவருடைய ஆட்சித் திறனுக்கு 774-ஐ விடச் சிறந்த சான்று. லாத்தரன் எழுதிய வரலாறோ இந்தச் சண்டையைக் கண்டுகொள்ளவே இல்லை.

இங்கிலாந்துக்கு 786-இல் தூதர்கள் சென்றது, கிறிஸ்து மனிதர் என்ற நிலையில் கடவுளின் தத்து மகன் என்ற, ஸ்பெயினில் எலிப்பாந்துஸ் பரப்பிய கொள்கையைக் கண்டித்தது, 774-இல் சார்லமேனுக்குத் திருச்சட்டத் தொகுப்பு தந்தது ஆகியவற்றுக்குத் தலா ஒரு வாக்கியம் ஒதுக்கலாம்.

சொற்களில் காலப்பிழை

ஹேட்ரியன் வத்திக்கானில் வாழவில்லை; அவருடைய இல்லமும் அலுவலகமும் லாத்தரன். அவரைத் தேர்ந்தெடுத்தவர்கள் கர்தினால்கள் குழு அன்று. உரோமையின் குருக்களும் படைத்தலைவர்களும் மக்களும். இத்தாலி என்ற நாடு அப்போது இல்லை, பிரான்சும் இல்லை. திருத்தந்தை நாடு என்ற தொடரை எழுதவே வேண்டுமென்றால், அதன் எல்லை எந்த ஆண்டிலும் உறுதியாக இருந்ததில்லை என்ற வாக்கியத்தை உடன் சேருங்கள். இலத்தீன் பெயர்களைத் தமிழில் எழுதும்போது ஒரே ஒலிப்பெயர்ப்பு முறையைக் கடைசிவரை பின்பற்றுவதும் அவசியம். பேதுரு, பவுல், ஸ்தேவான் என்று தமிழ் விவிலிய மரபில் நிலைத்தவற்றை மாற்றாதீர்கள்.

எங்கே முடிப்பது

இறப்போடு முடிக்கத் தோன்றும். கல்வெட்டும் அதற்கு ஏற்றதாகவே இருக்கிறது. புனித பேதுரு பேராலயத்தின் முன்மண்டபத்தில் இன்றும் நிற்கும் அந்தக் கறுப்புக் கல் உரோமையில் வெட்டப்பட்டதன்று; மியூஸ் ஆற்றுப் பகுதியிலிருந்து வந்தது என்று கல்லின் இயல்பை ஆராய்ந்தவர்கள் கண்டுள்ளனர். அதிலுள்ள செய்யுள்களை இயற்றியவர் சார்லமேனின் அவை அறிஞர் அல்குவின் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. ஆனால் பாடுபவராக வருபவர் மன்னர். தந்தையை இழந்து அழுதபடி கார்லுஸ் (சார்லமேன்) ஆகிய நான் இதை எழுதினேன் என்கிறார். நான் அரசன், நீ தந்தை என்று இருவர் பெயரையும் ஒரே வரியில் இணைக்கிறார். ஹேட்ரியன் இறந்த செய்தி கேட்டுச் சகோதரனையோ அன்பு மகனையோ இழந்தவர் போல மன்னர் அழுதார் என்று அவருடைய வரலாற்றை எழுதிய ஐன்ஹார்டும் எழுதியிருக்கிறார். அந்த அழுகையை நான் ஐயுறவில்லை. ஆயினும் மன்னர் தம் பெயரைத் தந்தையின் பெயரோடு பொறித்து, பேதுருவின் கல்லறைக்கு வருவோர் அனைவரும் படிக்கும் இடத்தில் நிறுத்தினார் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

ஆனாலும் இன்னும் சில ஆண்டுகள் தள்ளிப்போய் முடிப்பதே பொருத்தம். ஹேட்ரியன் தம் உறவினர்களை லாத்தரனின் உயர் பதவிகளில் அமர்த்தியிருந்தார். அவர்களில் ஒருவர் தலைமை நோட்டரியான பஸ்காலிஸ், அவருடைய உடன்பிறந்தாரின் மகன். 799 ஏப்ரல் 25-இல் பவனி வந்துகொண்டிருந்த மூன்றாம் லியோவை வழிமறித்துத் தாக்கிக் கண்களைப் பறிக்கவும் நாவை அறுக்கவும் முயன்ற கும்பலின் தலைவர்களில் இவரும் ஒருவர். லியோ தப்பிப் பாதர்போர்னில் சார்லமேனிடம் அடைக்கலம் புகுந்தார். அதன் தொடர்ச்சியாகவே மன்னர் 800-இல் உரோமைக்கு வந்தார். பஸ்காலிசைப் பற்றிய இந்தப் பத்தியைக் கட்டுரையின் இறுதியில் வைத்து, தெயோதோத்துஸ் என்ற சிற்றப்பாவைப் பற்றித் தொடக்கத்தில் எழுதியதை மறுபடி ஒருமுறை படித்துப் பார்த்துத் திருத்துங்கள்; ஹேட்ரியனின் குடும்பத்துக்கு அங்கே நீங்கள் கொடுத்த இடம் போதாது என்று பெரும்பாலும் தெரியவரும்.